பெரிய புழுவுக்கு எது வழி? பூச்சிகளில் வளர்ச்சிக்கான இனத்தேர்வு முறைகள்

மாட்டில் இனத்தேர்வு செய்பவருக்கு ஒரு தலைமுறை கடக்கச் சுமார் 5 ஆண்டுகள் ஆகும். கழிவைத் தின்று கொழுக்கும் பிளாக் சோல்ஜர் ஈயை வளர்ப்பவருக்கு, வெப்பமும் ஈரமும் சரியாக இருந்தால், 40 முதல் 45 நாளில் முட்டையிலிருந்து மறு முட்டை வந்துவிடும். ஓராண்டில் 8 தலைமுறை. ஒவ்வொரு தாயும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. பெரியதைப் பொறுக்கி இனம் பெருக்கு, மறுபடியும் பொறுக்கு என்று சொல்லிவிடலாம் போல்தான் தோன்றும்.

ஆனால் அந்த ஈயைத் தொழிற்சாலை அளவில் பல தலைமுறை தேர்வு செய்து பார்த்த விரிவான முடிவு வெளிவந்ததே 2022இல்தான். பட்டுப்புழுவிலோ இதே வேலை நூறாண்டுக்கும் மேலாக, அரசுப் பண்ணைகளும், நோயற்ற முட்டை தயாரித்து உழவருக்குத் தரும் முட்டை வித்தகங்களும் சேர்ந்த பெரிய ஏற்பாடாக நடக்கிறது. இரண்டும் பூச்சிதான், இரண்டிலும் வேண்டியது வேகமான, பெரிய வளர்ச்சிதான். இருந்தும் இரண்டிலும் கையாளும் முறைகள் வேறு. எந்த முறை சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது என்பதே என் கருத்து. எதை எடை போடுகிறோம், எந்த நாளில் போடுகிறோம், எந்தச் சூழலில் வளர்த்துப் போடுகிறோம் என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் முறைகளை ஒப்பிடவே முடியும்.

சரி, பூச்சியில் வளர்ச்சி என்றால் என்ன? கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த ஈயோ வண்டோ அந்துப்பூச்சியோ அதற்கு மேல் பெரிதாவதில்லை. வளர்வதெல்லாம் புழுப் பருவத்தில்தான். பட்டுப்புழு பொரிக்கும்போது அரை மில்லிகிராம்கூட இருக்காது. 25 நாள் அளவில், நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்தின் முடிவில் 4, 5 கிராம் ஆகிவிடுகிறது. சுமார் பத்தாயிரம் மடங்கு. தின்னும் மல்பெரி இலையில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசிப் பருவத்தில்தான் போகிறது.

இறுதி எடை இரண்டு காரியங்களால் அமைகிறது: எவ்வளவு வேகமாக வளர்கிறது, எவ்வளவு நாள் வளர்கிறது. பல பூச்சிகளில் புழு ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டியதும் உடலுக்குள் ஹார்மோன் மாற்றங்கள் தொடங்கி, கூட்டுப்புழுவாவது உறுதியாகிவிடுகிறது. அதன் பிறகு பட்டினி போட்டாலும் அது கூட்டுப்புழுவாகும். ஆக, தினசரி வளர்வேகத்தைக் கூட்டும் மரபணுக்கள் ஒரு பக்கம், அந்த எடை வரம்பை உயர்த்தி நாளை நீட்டும் மரபணுக்கள் இன்னொரு பக்கம். கூட்டுப்புழுவின் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வகையும் சேர்ந்து வரும். புழுக்கள் பெரிதாகும், ஆனால் தாமதமாகவும் ஆகலாம். பொரித்து 10ஆம் நாள் எடை என்று நாளைக் கட்டிவிட்டால் வேகமானவை முன்னுக்கு வரும், ஆனால் அவற்றின் இறுதி எடை பெரிதாகத்தான் இருக்கும் என்று உறுதியில்லை. வளர்ப்புத் தட்டுக்கு ஒரு நாள் வாடகைபோலச் செலவு வைக்கும் தொழிலில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இதற்குத் தெளிவான சான்று பெங்களூருவில் இருக்கிறது. ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் ஆய்வுக்குழு பழ ஈக்களில் நீண்ட காலத் தேர்வு நடத்தியது. முதலில் வளர்ந்து வெளிவரும் ஈக்களையே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்கினார்கள். முட்டையிலிருந்து ஈயாகும் காலம் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஈக்கள் சிறுத்துப்போயின. புழுக்கள் தின்னும் வேகம் குறைந்தது, நெருக்கடியான குப்பியில் மற்ற புழுக்களோடு போட்டியிடும் திறனும் குறைந்தது. சீக்கிரம் முடிப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள், சீக்கிரம் முடிப்பது கிடைத்தது. வேகமாகத் தின்று வேகமாகப் பெருக்கும் புழுவை எதிர்பார்த்து இதே வழியில் போகும் வளர்ப்பாளருக்கு இது பெரிய எச்சரிக்கை.

பாலினத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டுப்புழுவிலும் பிளாக் சோல்ஜர் ஈயிலும் பெண் கனமானது. கனமான 20 சதவீதத்தை அப்படியே அள்ளினால் அதில் பெரும்பாலும் பெண்தான் இருக்கும். ஆணிலும் பெண்ணிலும் தனித்தனியாகப் பொறுக்காத தேர்வு பாதி வீண்.

இனி முறைகள். எளியது தனித்தேர்வு: ஒவ்வொரு புழுவையும் அதனதன் எடையை வைத்தே மதிப்பிட்டு, கனமானவற்றைப் பெற்றோராக்குவது. யாருடைய பிள்ளை என்ற கணக்கெல்லாம் வேண்டாம். இதில் எவ்வளவு பலன் வரும் என்பதற்கு ஒரு பெருக்கல் கணக்கு உண்டு. ஒரு கூட்டத்தின் சராசரி 150 மில்லிகிராம், பொறுக்கிய பெற்றோரின் சராசரி 180 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30. புழுவுக்குப் புழு உள்ள எடை வேறுபாட்டில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் மரபுப் பங்கு 30 சதவீதம் என்றால், அடுத்த தலைமுறை 9 மில்லிகிராம் உயரும். மீதி 21 தட்டின் ஓரத்தில் கிடைத்த நல்ல தீனி, முன்கூட்டியே பொரித்த அதிர்ஷ்டம் போன்றவற்றால் வந்தது. அது அந்தப் புழுவோடு முடிந்துபோகும். மரபுப் பங்கு அதிகமான குணத்துக்குத் தனித்தேர்வு நன்றாக வேலை செய்யும், குறைவான குணத்தில் தடுமாறும்.

இந்த முறையின் எல்லையைக் காட்டியது நம் வீட்டு மாவு டப்பாவில் வரும் சிவப்பு மாவு வண்டு. அமெரிக்காவில் கோழி, பன்றி இனத்தேர்வுக் கோட்பாடுகளைச் சீக்கிரமாகச் சோதித்துப் பார்க்க இந்த வண்டை மாதிரி உயிரியாக வைத்துக்கொண்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் என்ஃபீல்ட் கூட்டுப்புழு எடைக்காக நூறு தலைமுறைக்கும் மேல் தேர்வு நடத்தினார். எடை இரு மடங்குக்கு மேல் போனது. தொடக்கக் கூட்டத்தின் மிகப் பெரிய கூட்டுப்புழுகூட இறுதிக் கூட்டத்தின் சராசரிக்கு அருகில் வரவில்லை. ஒரு சிறு பூச்சிக் கூட்டத்துக்குள் இவ்வளவு மரபு வேறுபாடு ஒளிந்திருந்தது என்பது இன்றும் என்னை வியக்க வைக்கும் செய்தி. ஆனால் எடை ஏற ஏற இனப்பெருக்கத் திறன் இறங்கியது. பொறுக்குவதை நிறுத்திப் பார்த்தபோது எடை பின்வாங்கியது. நாம் ஒரு பக்கம் இழுக்க, இயற்கைத் தேர்வு மறுபக்கம் இழுத்துக்கொண்டேயிருந்தது.

எத்தனை பேரைப் பொறுக்குவது என்பதிலும் ஒரு சிக்கல். எடின்பரோவின் மரபியலாளர் ஆலன் ராபர்ட்சன் 1960இல் இதைக் கணக்காக எழுதினார். மிகக் கனமான சிலவற்றை மட்டும் பெற்றோராக்கினால் முதல் சில தலைமுறைகளில் உயர்வு வேகமாக இருக்கும். ஆனால் கூட்டம் சுருங்குவதால் நல்ல மரபணுக்களும் தற்செயலாகத் தொலையும். அவர் கணக்குப்படி, மொத்தத்தில் எட்டக்கூடிய உயர்வு, முதல் தலைமுறையில் கிடைத்த உயர்வை, இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்கெடுக்கும் எண்ணிக்கையின் இரு மடங்கால் பெருக்கினால் வருவதைத் தாண்டாது. நெடுங்காலப் பலனை மட்டும் பார்த்தால் பாதிக் கூட்டத்தைப் பெற்றோராக விடுவதே நல்லது என்ற முடிவும் அதிலிருந்து வந்தது. எந்த வளர்ப்பாளரும் அவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார். இருந்தாலும் பத்து, இருபது ஈக்களிலிருந்து ஓர் இனத்தையே கட்ட முயல்பவர் இந்தக் கணக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை தருவதால் குறைந்த பெற்றோர் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. எண்ணிக்கை பெருகும், மரபு வேறுபாடு பெருகாது.

பிளாக் சோல்ஜர் ஈயில் 2022இல் வெளிவந்த முடிவு நெதர்லாந்தின் புரோட்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களுடையது. புழு எடையை முன்வைத்து 16 தலைமுறை வரை தேர்வு நடத்தி, பொறுக்காத அடிப்படைக் கூட்டத்தோடு ஒப்பிட்டார்கள். சராசரிப் புழு எடை 39 சதவீதம் கூடியிருந்தது. ஒரு பெட்டிக்குக் கிடைத்த ஈர விளைச்சல் 34 சதவீதமும், உலர் எடை 26 சதவீதமும், புரதம் 32 சதவீதமும், கொழுப்பு 21 சதவீதமும் உயர்ந்தன. இந்த வரிசையைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். புழு 39 கூடியபோது பெட்டி விளைச்சல் அதே அளவு கூடவில்லை, உலர் எடை இன்னும் குறைவாகவே கூடியது. ஒரு புழு பெரிதாவது வேறு, ஒரு பெட்டி நிறைய விளைவது வேறு. விற்பது உலர்ந்த தூளும் கொழுப்பும்தான் என்னும்போது, அளந்ததற்கும் விற்பதற்கும் இடையிலான இந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும்.

மீல்வார்ம் என்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் மாவுப்புழுவிலும் இப்படி ஒரு முயற்சி உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 8 ஆண்டுகள் கூட்டுப்புழு அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இனத்தை 2019இல் விவரித்தார்கள். அளவு மட்டுமல்லாமல் வேறு குணங்களும் கூடவே மாறியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் அசையும் என்பது இந்தத் துறையில் மறுபடி மறுபடி வரும் செய்தி.

தனித்தேர்வில் குடும்பக் கணக்கு இல்லை என்றேன். அது வேண்டாம் என்பதால் மட்டுமல்ல, பூச்சியில் அதைச் செய்வது கடினம் என்பதாலும்தான். மாட்டுக்குக் காதில் வில்லை போடலாம். தோலுரித்துக்கொண்டே இருக்கும் புழுவுக்கு எதைப் போட்டாலும் நான்கு நாளில் தோலோடு போய்விடும். பிளாக் சோல்ஜர் ஈ கூட்டமாகப் பறந்து இணைசேரும். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தனிக் கூண்டில் விட்டால் பல ஜோடிகள் முட்டையே தராது. ஆகவே அதில் யார் தாய், யார் தகப்பன் என்பது கைநழுவிப்போகிறது.

பட்டுப்புழுவில் நிலைமை தலைகீழ். ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பறக்கவே மறந்துவிட்ட அந்துப்பூச்சி அது. வைத்த இடத்தில் இருக்கும், சேர்த்துவிட்ட துணையோடு சேரும். ஒரு தாயின் 400, 500 முட்டையை ஓர் அட்டையில் வாங்கி, அந்தக் குடும்பத்தை மட்டும் ஒரு தட்டில் வளர்க்கலாம். தாயிலிருந்து முட்டை வழியே பரவும் பெப்ரின் நோயைத் தடுக்கத் தாய்ப்பூச்சியை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்க்கும் பழக்கம் பாஸ்டர் காலத்திலிருந்தே வந்ததால், தாய் தாயாகப் பிரித்து வைப்பது இந்தத் தொழிலில் ஏற்கெனவே ஊறிப்போன ஒழுங்கு. குடும்பத் தேர்வுக்கான மேடை அப்படித் தானாகவே அமைந்துவிட்டது.

குடும்பத் தேர்வில் ஒரு தனிப்புழுவின் எடையைப் பார்ப்பதில்லை. குடும்பத்தின் சராசரியைப் பார்த்து நல்ல குடும்பங்களை முழுதாக எடுத்துக்கொள்கிறோம். உயிர்பிழைப்பு விகிதம், முட்டை எண்ணிக்கை போன்ற மரபுப் பங்கு குறைந்த குணங்களுக்கு இதுவே ஏற்றது, ஏனென்றால் 400 புழுக்களின் சராசரியில் தனிப்பட்ட அதிர்ஷ்டங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாமல் அறிய முடியாத குணங்களுக்கும் இதுதான் வழி. நூலின் நீளத்தைப் பார்க்கக் கூட்டை வேகவைத்து நூற்க வேண்டும். உள்ளே இருக்கும் புழு செத்துவிடும். சகோதரக் கூடுகளை நூற்றுப் பார்த்துவிட்டு, நூற்காத மீதியிலிருந்து பெற்றோரை எடுக்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு குடும்பம் முழுக்க ஒரே தட்டில் வளர்ந்தால், குடும்பத்தின் தரமும் தட்டின் தரமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். சன்னலோரத் தட்டு, இலை கொஞ்சம் கூடுதலாக விழுந்த தட்டு, அடர்த்தி குறைந்த தட்டு எல்லாம் நல்ல குடும்பம்போலத் தெரியும். பூச்சிகளில் அடர்த்தி வளர்ச்சியை மிகக் கடுமையாக மாற்றும். ஒவ்வொரு குடும்பத்தையும் இரண்டு மூன்று தட்டுகளில் பிரித்து, புழு எண்ணிக்கையைச் சமமாக்கி வளர்த்தால்தான் இந்த மயக்கம் தீரும். இடம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, குடும்பத்துக்குள் தேர்வு: எல்லாக் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் சிறந்த புழுக்களை மட்டும் எடுப்பது. ஒரே தட்டுக்குள் ஒப்பிடுவதால் தட்டின் பாரபட்சம் போய்விடும். எந்தக் குடும்பமும் அழியாததால் உறவுக்குள் சேர்க்கையும் மெதுவாகவே கூடும். உயர்வு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். சின்னப் பண்ணைக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

பட்டுப்புழுவில் பெரிய பாய்ச்சலைத் தந்தது மேலே சொன்ன எதுவும் இல்லை, கலப்பு. ஜப்பானின் தொயாமா கமெதாரோ சயாமில் (இன்றைய தாய்லாந்து) பணியாற்றிய காலத்தில் செய்த கலப்புகளைக் கொண்டு, மெண்டலின் விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று 1906இல் காட்டினார். இரண்டு தூய இனங்களைச் சேர்த்து வரும் முதல் தலைமுறை, பெற்றோர் இருவரையும்விட ஆரோக்கியமாகவும் சீராகவும் வளர்வதைக் கண்டு அதையே உழவர்களுக்குத் தர வேண்டும் என்று வாதாடினார். ஜப்பானிய அரசு 1910களில் அதற்கான ஏற்பாட்டைத் தொடங்கியது. 1920களின் முடிவுக்குள் அந்த நாட்டில் வளர்க்கப்பட்ட புழுக்களில் பெரும்பகுதி கலப்பினமாகிவிட்டது.

இந்தக் கலப்பின வீரியம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தேர்வு முறைகளுக்கிடையே உள்ள அடிப்படை வேறுபாடு புரியும். தனித்தேர்வும் குடும்பத் தேர்வும் தலைமுறை தலைமுறையாகச் சேமிக்கின்றன. கலப்பு அப்படிச் சேமிப்பதில்லை. தூய இனங்களில் நெருங்கிய உறவுச் சேர்க்கையால் மறைவில் குவிந்த குறைகளை, வேறு இனத்தின் நல்ல மரபணு ஒரே வீச்சில் மூடிவிடுகிறது. அந்த வீரியம் அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். அதனால்தான் பட்டு உழவர் தன் கூட்டிலிருந்தே முட்டை எடுக்காமல் ஒவ்வொரு முறையும் வித்தகத்திலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. பர்டூ பல்கலைக்கழகத்தில் பெல் குழுவினர் 1955இல் பழ ஈயை வைத்து நான்கு முறைகளை நேருக்கு நேர் மோதவிட்டார்கள். மரபுப் பங்கு அதிகமான முட்டை அளவுக்கு, மூடிய ஒரே கூட்டத்துக்குள் செய்த எளிய தேர்வே நன்றாகக் கைகொடுத்தது. முட்டை எண்ணிக்கைக்குக் கலப்பை அடிப்படையாகக் கொண்ட முறைகள் முன்னுக்கு வந்தன. அளவுக்கு ஒரு முறை, இனப்பெருக்கத்துக்கு வேறு முறை என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

தென்னிந்தியாவின் பட்டு வரலாறு இதற்கு நல்ல உதாரணம். மைசூர் நாட்டு இனம் வெப்பத்தையும் நோயையும் தாங்கும், ஆண்டு முழுக்கத் தலைமுறை வரும். ஆனால் கூடு சுமார் 1 கிராம்தான். அதில் பட்டு ஓட்டின் பங்கு 13, 14 சதவீதம், இழை 400 மீட்டர் அளவு. குளிர்நாட்டு வழிவந்த வெண்பட்டு இனங்களில் கூடு 2 கிராமை நெருங்கும், ஓட்டின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டும், இழை 1,000 மீட்டர் வரை போகும். மைசூர்த் தாயையும் வெண்பட்டு ஆணையும் சேர்த்த மஞ்சள் கூட்டுக் கலப்புதான் பல பத்தாண்டுகள் கர்நாடகத்தைத் தாங்கியது. 1990களில் ஜப்பானிய ஒத்துழைப்போடு மைசூரில் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் சிஎஸ்ஆர் வரிசை இனங்களை உருவாக்கியது. முட்டை வடிவக் கூடு கட்டும் சிஎஸ்ஆர்2, இடை சிறுத்த கூடு கட்டும் சிஎஸ்ஆர்4 ஆகியவற்றின் கலப்பு அதில் புகழ்பெற்றது. அப்புறம் நான்கு இனங்களைக் கோத்த இரட்டைக் கலப்பினம் வந்தது: ஒரு பக்கம் சிஎஸ்ஆர்6, சிஎஸ்ஆர்26 கலப்பு, மறுபக்கம் சிஎஸ்ஆர்2, சிஎஸ்ஆர்27 கலப்பு. பெற்றோரே கலப்பினமாக இருப்பதால் அவற்றை வளர்ப்பது எளிது, முட்டையும் கூடுதலாகக் கிடைக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, உடுமலைப் பகுதிகளில் இன்று வளரும் வெண்பட்டின் பின்னால் இந்த நீண்ட வேலை இருக்கிறது. இத்தனை கலப்புக்கும் மூலப்பொருளான பழைய இனங்களைக் காக்கும் தேசிய மரபுவளத் தொகுப்பு ஓசூரில் இருக்கிறது. அதன் அருமை பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம். கலப்பின வெற்றியில் தூய இனங்கள் தொலைந்தால் அடுத்த கலப்புக்கு எதுவும் மிஞ்சாது.

எந்தச் சூழலில் தேர்வு செய்கிறோம் என்பதையும் இதே வரலாறு சொல்கிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நல்ல இலை கொடுத்து, மிகக் கனமான கூடுகளைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம், கோடையில் ஓட்டுக்கூரை வளர்ப்பு மனைக்கு வரும்போது சரிந்துவிடும். பட்டின் அளவும் உயிர்ப்பும் பெரும்பாலும் எதிரெதிராக நகர்வதால் வந்த வினை இது. அதைச் சமாளிக்க ஐந்தாம் பருவப் புழுக்களை 36 பாகை வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் வைத்து, பிழைத்துக் கூடு கட்டியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துச் சிஎஸ்ஆர்18, சிஎஸ்ஆர்19 இனங்களை எடுத்தார்கள். சிறந்த சூழலில் தேர்ந்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்பது ஒரு வாதம். வளர்க்கப்போகும் சூழலிலேயே தேர வேண்டும் என்பது எதிர்வாதம். வெப்பநாட்டுப் பூச்சி வளர்ப்பில் நான் இரண்டாவதன் பக்கம். கோழித்தீனியில் வளர்த்துப் பொறுக்கிய பிளாக் சோல்ஜர் ஈ, சந்தைக் காய்கறிக் கழிவில் அதே வேகத்தில் வளரும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

டிஎன்ஏ வரிசையைப் பார்த்துத் தேர்வது புதிய வழி. பட்டுப்புழுவின் மரபணுத் தொகுதி 2004இலேயே வெளிவந்தது, பிளாக் சோல்ஜர் ஈக்கு 2020 வாக்கில். குடும்பக் கணக்கு தொலைந்த கூட்டத்திலும் உறவை டிஎன்ஏவால் மீட்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஒரு மாட்டின் சோதனைச் செலவை அதன் பால் ஈடுகட்டும், ஒரு ஈயின் சோதனைச் செலவை அந்த ஈ ஈடுகட்டாது. ஒவ்வொன்றையும் சோதிப்பதைவிட, உறவுச் சேர்க்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்று கூட்டத்தின் மாதிரியை அவ்வப்போது பார்க்க இது இப்போதைக்குப் பயன்படும்.

கடைசியாக, எந்த முறையை எடுத்தாலும் பொறுக்காத ஒரு கூட்டத்தையும் பக்கத்தில், அதே தீனியில், அதே அறையில் வளர்த்துக்கொண்டே வர வேண்டும். புரோட்டிக்ஸ் முடிவை நம்ப முடிவதற்குக் காரணம் அந்த அடிப்படைக் கூட்டம்தான். பத்துத் தலைமுறையில் புழு 20 சதவீதம் பெருத்தது என்று ஒரு பண்ணை சொன்னால், இடையில் தீனி மாறியிருக்கலாம், பருவம் மாறியிருக்கலாம், வளர்ப்பவரின் கை பழகியிருக்கலாம். பொறுக்காத கூட்டமும் அதே 20 சதவீதம் பெருத்திருந்தால் அது இனத்தேர்வின் பலன் அல்ல, பராமரிப்பின் பலன். இரண்டு பெட்டிகளைக் கூடுதலாக வைக்கும் செலவில் இதைத் தெரிந்துகொள்ள முடியும்.